புதுக் கேமராவும் நம் பக்கத்து வெயிலும்

கேமரா வாங்கிய முதல் மாதத்தில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "இவ்வளவு பணம் போட்டு வாங்கியும் போனில் எடுத்த படம்தான் நன்றாக இருக்கிறது. ஏன்?" இது பிரமை இல்லை. போனில் பொத்தானைத் தொட்டதும் அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்துவிடுகிறது. வானத்தை ஒன்றிலிருந்தும் முகத்தை இன்னொன்றிலிருந்தும் எடுத்து ஒட்டி, நிறத்தைத் தூக்கி, நீங்கள் பார்ப்பதற்குள் ஒப்பனையை முடித்துவிடுகிறது. கேமரா இந்த வேலையை உங்களிடம் விட்டுவிடும். செய்யத் தெரியாதவரை போன் ஜெயிக்கும். தெரிந்தபின் போன் பக்கத்தில் வர முடியாது.

கடைக்காரர் அடுத்து ஒரு 50 மி.மீ. லென்ஸ், அதற்கடுத்து ஒரு பெரிய ஜூம் என்று சொல்லிக்கொண்டிருப்பார். கொஞ்சம் பொறுங்கள். கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸ் போதும். முதலில் பழக வேண்டியவை மூன்று: சூரியன் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது, பிளஸ்-மைனஸ் பொத்தானைத் திருப்புவது, ஃபோகஸ் புள்ளியை நாமே வைப்பது. பாடியிலிருந்து திருநின்றவூர் வரை, அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை வீட்டைச் சுற்றியே இவற்றைப் பழகிவிடலாம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக வேண்டாம்.

பெட்டியைப் பிரித்த அன்று

தேதியையும் நேரத்தையும் சரியாக வையுங்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு படத்தைத் தேடும்போதுதான் இதன் அருமை தெரியும். கண்ணாடி போடுபவர் என்றால் வியூஃபைண்டர் பக்கத்தில் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருப்பி, உள்ளே தெரியும் எழுத்துகள் பளிச்சென்று ஆகும்வரை சரிசெய்யுங்கள். பலர் இதைத் தொடாமலேயே "ஃபோகஸே ஆவதில்லை" என்று கேமராவைக் கடைக்குத் திருப்பி எடுத்துப் போகிறார்கள். வீடியோ எடுப்பீர்கள் என்றால் மெனுவில் என்.டி.எஸ்.சி. என்றிருப்பதை பால் (PAL) என்று மாற்றுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

படத் தரத்தில் ரா, ஜேபெக் இரண்டையும் சேர்த்து வையுங்கள். ராவை இப்போது திருத்தத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அடுத்த வருடம் தெரிந்திருக்கும். ஐ.எஸ்.ஓ.வை ஆட்டோவில் விட்டு உச்ச வரம்பை 3200 என்று கட்டுங்கள். குறைந்தபட்ச ஷட்டர் வேகம் கேட்டால் 1/125.

டயலைப் பச்சை ஆட்டோவிலிருந்து 'ஏ' எழுத்துக்குத் திருப்புங்கள். சில கம்பெனிக் கேமராக்களில் அது 'ஏவி' என்று இருக்கும். லென்ஸின் வாய் எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை மட்டும் நீங்கள் சொல்வீர்கள், மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும். எண் சிறியதானால் திறப்பு பெரிது. தெரு, கோபுரம், ஏரி என்றால் எஃப் 8. ஒருவர் முகம் என்றால் லென்ஸ் தரும் மிகச் சிறிய எண். இதற்கு மேல் அப்பர்ச்சரைப் பற்றி முதல் மாதத்தில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

சூரியன் எந்தப் பக்கம்?

புகைப்படப் புத்தகங்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. காலையிலும் மாலையிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பொன்னொளி கிடைக்கும் என்று அவர்கள் எழுதுவது அவர்கள் ஊருக்குச் சரி. அங்கே சூரியன் அடிவானத்தில் சாய்வாக ஊர்ந்து போகிறது. சென்னை பூமத்திய ரேகையிலிருந்து 13 டிகிரிதான் வடக்கே. இங்கே சூரியன் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக ஏறி நெட்டுக்குத்தாக இறங்கும். உதித்து முக்கால் மணி நேரத்தில் பொன்னிறம் போய் வெள்ளை வெயில் வந்துவிடும். மே கடைசியில் 5.45-க்கு முன்பே உதித்துவிடுகிறது. ஜனவரி கடைசியில் 6.35 ஆகிறது. பால் பாக்கெட் வாங்கப் போகிற நேரம்தான் படம் எடுக்கும் நேரம். காபி குடித்துவிட்டுக் கிளம்பினால் தாமதம்.

பகல் வெயிலும் இங்கே வேறு ஜாதி. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்டு மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. நிழல் காலுக்கடியில் ஒளிந்துகொள்ளும். அப்போது ஒருவரை வெயிலில் நிறுத்தி எடுத்தால் நெற்றியும் மூக்கும் பளபளக்கும், கண்கள் இரண்டும் கறுப்புக் குழிகளாகிவிடும். எத்தனை லட்ச ரூபாய் கேமராவானாலும் அந்தக் குழிக்குள் கண்ணைக் கொண்டுவராது. ஆளை நகர்த்துவதுதான் வழி. திண்ணை, கார் ஷெட், கடையின் ஷட்டருக்கு அடியில் இருக்கும் நிழல் எதுவும் ஆகும். போரூரிலிருந்து பூந்தமல்லி வரை சாலைக்கு மேலே போகும் மெட்ரோ பாலம் நல்ல அகலமான நிழல் தருகிறது. நடைபாதையில் நின்றுகொண்டு எடுங்கள், சாலை நடுவில் வேண்டாம். வேப்பமர நிழலை மட்டும் நம்பாதீர்கள். இலைகளுக்கு இடையே விழும் வெயில் முகமெல்லாம் வட்ட வட்டமாகத் தேமல் போட்டுவிடும். கேமராவில் தூக்கும் ஃபிளாஷ் இருந்தால் வெயிலில்தான் அதற்கு வேலை. அதன் அளவை ஒரு படி குறைத்து அடித்தால் கண்குழி கொஞ்சம் நிரம்பும். மூன்று மீட்டர் தூரத்துக்கு மேல் நிற்பவரிடம் அது எடுபடாது.

வடக்கு ஜன்னல் விஷயத்திலும் அந்தப் புத்தகங்கள் நமக்கு ஒத்துவராது. வடக்கு ஜன்னலில் வெயிலே விழாது, நாள் முழுக்க மென்மையான வெளிச்சம் என்று சொல்லியிருப்பார்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்டு பாதிவரை நம் ஊரில் சூரியன் வடக்கே சாய்ந்துதான் போகிறது. காலையிலும் மாலையிலும் வடக்குச் சுவரில் வெயில் அடிப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த மாதங்களில் உருவப்படத்துக்குத் தெற்கு ஜன்னல் நல்லது. ஐப்பசிக்கு மேல் வடக்கு ஜன்னலுக்கு மாறிக்கொள்ளலாம். குழந்தையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வைத்து, அறையின் ட்யூப் லைட்டை அணைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள். இந்தப் புத்தகத்தில் இதைவிடச் செலவில்லாத யோசனை வேறு கிடையாது.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு வாய்த்த இன்னொரு வசதி ஏரிகள். கொரட்டூர், அம்பத்தூர், ஆவடியில் பருத்திப்பட்டு, பூந்தமல்லியைத் தாண்டினால் செம்பரம்பாக்கம். தொண்டை மண்டலத்து ஏரிகள் சரிவில் ஓடிவரும் மழைநீரைக் கரை போட்டு மறித்து உண்டாக்கப்பட்டவை. நிலம் மேற்கே மேடு, கிழக்கே கடல். ஆகவே கரை பெரும்பாலும் கிழக்கு ஓரத்தில் இருக்கும், தண்ணீர் அதற்கு மேற்கே விரிந்து கிடக்கும். செம்பரம்பாக்கத்துக் கரை இதற்கு நல்ல உதாரணம். காலையில் கரைமேல் நின்றால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால். கூழைக்கடா, கொக்கு, நாமக்கோழி எல்லாவற்றின் மேலும் நேர் வெளிச்சம் விழும், இறகு இறகாகத் தெரியும். மாலையில் அதே இடத்தில் சூரியன் எதிரே. இறகெல்லாம் போய்விடும். உருவம் மட்டும் கறுப்பாக, தண்ணீர் வெள்ளியாக நிற்கும். காலையில் பறவையை எடுங்கள், மாலையில் பரிசலையும் பனைமரத்தையும் எடுங்கள். ஏரிக்கு ஏரி கரையின் திசை கொஞ்சம் மாறும். கிளம்புமுன் போனில் வரைபடத்தைத் திறந்து கரை எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டால் ஒரு விடியற்காலை வீணாகாது. பருத்திப்பட்டில் 2019-இல் பூங்கா திறந்த பிறகு நடைபாதை இருப்பதால் கற்றுக்குட்டிகளுக்கு அது சுலபமான இடம்.

ஒன்றை நேராகச் சொல்லிவிட வேண்டும். 55 மி.மீ. லென்ஸில் பறவை ஒரு பொட்டுதான். அதைக் கம்ப்யூட்டரில் வெட்டிப் பெரிதாக்காதீர்கள், கஞ்சி மாதிரி ஆகிவிடும். ஏரியை எடுங்கள், பின்னால் தெரியும் அடுக்குமாடிகளையும் சேர்த்து எடுங்கள், பறவை அதில் ஓரிடத்தில் இருக்கட்டும். கட்டடங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஏரியில் ஒரு கூழைக்கடா என்பது இந்த ஊரின் படம். பெரிய லென்ஸ்காரர்கள் எடுக்கும் பறவை மூஞ்சி எந்த ஊர் ஏரியாகவும் இருக்கலாம்.

வெளுத்த வானம்

கரையோர ஈரக் காற்றும் தூசியும் சேர்ந்து சென்னை வானத்தைப் பாதி நாள் வெள்ளைத் துணியாக்கிவிடுகின்றன. படத்தில் மேல்பாதி காலியாக நிற்கும். இது இன்றைய தொல்லை இல்லை. 1856-இல் சென்னை அரசாங்கம் தன் புகைப்படக்காரராக அமர்த்திய கேப்டன் லின்னேயஸ் ட்ரைப், மதுரை, தஞ்சைக் கோயில்களை 1858-இல் எடுத்தபோது அவருக்கும் வானம் வெறுமையாகத்தான் விழுந்தது. அன்றைய நெகட்டிவ் நீல நிறத்துக்கு மட்டும் அதிகமாக மசியும். கோபுரம் பதிவதற்குள் வானம் முழுக்க எரிந்துபோகும். அவர் நெகட்டிவின் மேல் தூரிகையால் மேகம் தீட்டினார். இன்றைக்கு அதையே போனில் ஒரு விரல் தட்டலில் செய்கிறார்கள். பூந்தமல்லி பஸ் நிலையத்துக்கு மேல் சுவிட்சர்லாந்து மேகம் நிற்கிறது.

அது வேண்டாம் என்றால் மூன்று வழி. ஒன்று, வானத்தைச் சட்டத்துக்குள் விடாதீர்கள். மொட்டை மாடியிலிருந்து கீழே தெருவைப் பாருங்கள், அல்லது கட்டடம் சட்டத்தை நிரப்பும்வரை முன்னால் போங்கள். இரண்டு, மழை விட்ட மறுநாள் காலை கிளம்புங்கள். வடகிழக்குப் பருவமழை நடுவில் ஒரு நாள் விட்டால் வானம் கழுவி வைத்தது போல இருக்கும், அம்பத்தூர் ஓ.டி.யில் நின்றால்கூட மேகம் மேகமாகத் தெரியும். மூன்று, சூரியன் மறைந்த பிறகு காத்திருங்கள். மறைந்து பத்து நிமிடம் கழித்து வானம் ஆழ்ந்த நீலமாகும். கடை விளக்குகளும் வானமும் ஒரே பிரகாசத்துக்கு வரும் அந்த இடைவெளி நம் ஊரில் கால் மணி நேரத்தைத் தாண்டாது. இடத்தை முன்கூட்டியே பார்த்து, ட்ரைபாடை ஊன்றி, ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, இரண்டு விநாடி டைமர் என்று தயாராக நிற்பவருக்குத்தான் அது கிடைக்கும். கார்த்திகை தீபத்தன்று வாசல் விளக்குகளை எடுப்பதற்கும் இதே நேரம்தான். முழு இருட்டில் எடுத்தால் சுடர் மட்டும் தெரியும், வீடும் திண்ணையும் காணாமல் போகும். அன்றைக்கு ஒயிட் பேலன்ஸை ஆட்டோவிலிருந்து வெயில் சின்னத்துக்கு மாற்றுங்கள். ஆட்டோவில் விட்டால், அகல் விளக்கின் மஞ்சளைக் குறை என்று நினைத்துக் கேமரா துடைத்துவிடும்.

பிளஸ்-மைனஸ் பொத்தான்

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். கேமராவுக்கு எதிரே இருப்பது எருமையா கொக்கா என்று பெரும்பாலும் தெரியாது. உலகம் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டு, எதைக் காட்டினாலும் அந்தச் சாம்பலுக்கு இழுத்துக்கொண்டு போகும். சராசரியான காட்சியில் இது சரியாகவே வரும். நம் பக்கத்துக் காட்சிகள் சராசரியாக இருப்பதில்லை.

ஏரி ஓரத்தில் எருமைமேல் உண்ணிக்கொக்கு உட்கார்ந்திருக்கிறது. எருமை மட்டும் சட்டம் நிறைய வந்தால் கேமரா "இருட்டாக இருக்கிறதே" என்று வெளிச்சத்தைக் கூட்டும். கறுப்பு எருமை சாம்பல் எருமையாகும். மைனஸ் 1-க்குத் திருப்புங்கள். வெள்ளைக் கொக்கு மட்டும் சட்டம் நிறைய வந்தால் "வெளிச்சம் அதிகம்" என்று குறைக்கும். கொக்கு அழுக்காகும். பிளஸ் 1. இதுவரைக்கும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். தவறு நடப்பது மூன்றாவது நிலையில். கறுத்த தண்ணீர் நிறைந்த சட்டத்தில் சின்னதாக ஒரு கொக்கு. இங்கே கேமரா பார்ப்பது தண்ணீரை. அதைச் சாம்பலாக்க வெளிச்சத்தைக் கூட்டும், கொக்கு வெள்ளைப் பொட்டாகி இறகெல்லாம் அழிந்துபோகும். ஆகவே கொக்கு வெள்ளைதானே என்று பிளஸ் போடாமல், மைனஸ் 1 போட வேண்டும். எது வெள்ளை, எது கறுப்பு என்பதைவிட, சட்டத்தில் எது அதிக இடத்தை அடைத்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

மார்கழிக் கோலமும் இந்தக் கணக்கில்தான் வரும். தண்ணீர் தெளித்த தரை கறுப்பு, இழை வெள்ளை, தரைதான் அதிகம். மைனஸ் முக்கால் அளவுக்கு வைத்தால் மாவு மாவாகத் தெரியும். முடிந்தால் ஆறரை மணிக்கு மேல், வெயில் பக்கவாட்டில் தரையைத் தடவும்போது எடுங்கள்.

பெரிய சிக்கல் வெள்ளை வேட்டி. அப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வாசலில் நிற்கிறார். முகம் நம் ஊர் நிறம். கேமரா வேட்டியைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைக்கும், முகம் இருண்டுபோகும். வேட்டியின் மடிப்பு தெரிவதா, முகம் தெரிவதா என்று கேட்டால் முகம்தான். பிளஸ் முக்கால் வைத்து, சட்டை கொஞ்சம் வெளுத்தால் வெளுக்கட்டும் என்று விடுங்கள். இன்னும் நல்லது, அவரை நிழலுக்கு அழைத்து வருவது. நிழலில் வேட்டிக்கும் முகத்துக்கும் உள்ள தூரம் குறைகிறது, இரண்டுமே கிடைக்கும்.

கறுத்த முகத்தை வெளுப்பாக்கும் மென்மைப்படுத்தல் வசதியை மெனுவில் தேடி அணைத்துவிடுங்கள். புகைப்படத் தொழில் நம் தோலை நினைத்து வளர்ந்ததில்லை. அமெரிக்காவின் கோடாக் கம்பெனி நிறம் சரிபார்ப்பதற்காக லேப்களுக்கு அனுப்பிய அட்டைகளில் பல ஆண்டுகள் ஒரு வெள்ளைக்காரப் பெண்தான் இருந்தாள். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். இன்றைய சென்சார் அப்படி இல்லை, அடர்ந்த பழுப்பையும் அழகாகப் பிடிக்கும். நாம்தான் பழக்கதோஷத்தில் பிளஸ்ஸைத் தள்ளித் தள்ளி வெளுக்க வைக்கிறோம். நெற்றியிலும் கன்னத்திலும் மினுமினுப்பு தெரிகிற அளவோடு நிறுத்துங்கள்.

எடுத்த படம் சரியா என்பதை வெயிலில் நின்று பின் திரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெயிலில் எல்லாப் படமும் இருட்டாகத்தான் தெரியும். மெனுவில் வெளுத்த இடம் கண் சிமிட்டும் எச்சரிக்கை ஒன்று உண்டு, அதைப் போட்டு வையுங்கள். கொக்கு சிமிட்டினால் இன்னும் மைனஸ். வானம் மட்டும் சிமிட்டினால் கவலை இல்லை.

பேனரில் இருப்பவர் முகம்

புதுக் கேமராக்கள் முகத்தைத் தானே கண்டுபிடித்து ஃபோகஸ் செய்கின்றன. நல்ல வசதிதான், சி.டி.எச். ரோட்டுக்கு வரும்வரை. உங்கள் தம்பிக்குப் பின்னால் இருபதடி உயரத்தில் ஒரு தலைவர் பேனரில் கும்பிட்டுக்கொண்டிருப்பார். கேமரா தலைவரைத் தேர்ந்தெடுக்கும், தம்பி மங்கலாவான். மஞ்சள் நீராட்டு, காதணி விழா பேனர்களிலும் இதே கதை. தெருவில் எடுக்கும்போது முகம் தேடும் வசதியை அணைத்து, ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாறுங்கள். புள்ளியை ஆளின் பக்கத்துக் கண்மேல் வைத்து, பொத்தானைப் பாதி அழுத்தி, பீப் கேட்டதும் முழுக்க அழுத்துங்கள். பாதி அழுத்தத்தில் ஒரு நொடி நிற்கப் பழகாதவர்கள்தான் "படம் ஷேக் ஆகிறது" என்பார்கள்.

நிஜமான ஷேக் வேறு. கை நடுக்கத்துக்கு லென்ஸின் மி.மீ. எண்ணைவிட வேகமான ஷட்டர் போதும், 55-க்கு 1/80. ஆள் அசைந்தால் அது போதாது. லென்ஸில் இருக்கும் நடுக்கத் தடுப்பும் உதவாது. அது உங்கள் கையைத்தான் நிறுத்தும், ஓடும் பையனை நிறுத்தாது. தெருக் கிரிக்கெட்டுக்கு 1/500-க்குக் கீழே இறங்காதீர்கள்.

வேண்டுமென்றே மங்கலாக்குவதும் ஒரு விளையாட்டு. ஓ.டி. பக்கம் சாலையோரத்தில் நின்று, டயலை 'எஸ்' எழுத்தில் வைத்து 1/30 போடுங்கள். பஸ் வரும்போது இடுப்பைத் திருப்பி அதன் கூடவே கேமராவைச் சுழற்றிக்கொண்டே அழுத்துங்கள். பஸ் தெளிவாக நிற்கும், பின்னால் கடையெல்லாம் கோடாக ஓடும். முதல் நாள் ஒன்றும் வராது. ஷேர் ஆட்டோக்காரர்கள் வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஏமாற்றுவார்கள். பஸ்ஸில் ஆரம்பியுங்கள்.

ஆளை எடுக்குமுன் கேட்பது மரியாதை மட்டும் இல்லை, படமும் நன்றாக வரும். பூந்தமல்லியில் பூக்கட்டும் அம்மாவிடம் "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்றால் முதலில் நிமிர்ந்து உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்து, விறைப்பாகப் பார்ப்பார். அதை எடுத்துக் காட்டுங்கள். சிரித்துவிட்டு மறுபடி நாரை எடுத்துத் தொடுக்கத் தொடங்குவார். எடுக்க வேண்டிய படம் அதற்கப்புறம்தான். ஒரு முழம் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

ட்யூப் லைட்டும் சீரியல் செட்டும்

1964-இல் தொடங்கிய அம்பத்தூர் எஸ்டேட்டில் தெரிந்தவர் யாராவது லேத் பட்டறை வைத்திருந்தால், அனுமதி கேட்டு ஒரு நாள் போய்ப் பாருங்கள். சுருள் சுருளாக விழும் இரும்புச் சீவலும் கூலன்ட் எண்ணெயின் பளபளப்பும் அருமையாக விழும். ஆனால் அங்கே படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டை விழுவதையும் பார்ப்பீர்கள். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. பழைய ட்யூப் லைட்டும் மலிவான எல்.இ.டி.யும் அதனால் விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, 1/500-இல் திறந்து மூடும் ஷட்டருக்குத் தெரியும். 1/100 அல்லது 1/50 வைத்தால் பட்டை போய்விடும். வீடியோவுக்கு பால் வைக்கச் சொன்னதும் இதற்காகத்தான், விநாடிக்கு 25 பிரேம் இந்த 50-க்கு ஒத்துப்போகும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் இருந்தால் இப்படிப்பட்ட விளக்கடியில் அதை அணைத்துவிடுங்கள். ஆடி மாதத்தில் திருவேற்காட்டுத் தெருக்களில் கட்டும் சீரியல் செட்டுக்கும், கல்யாண மண்டப எல்.இ.டி. திரைக்கும் இதே மருந்து.

எடுக்கக் கூடாத இடம்

ஆவடியில் இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும், புதிதாகக் குடிவந்தவர்களுக்குச் சொல்கிறேன். கனரக வாகனத் தொழிற்சாலை, படையுடைத் தொழிற்சாலை, விமானப்படை நிலையம், இவற்றின் மதில், வாசல், அங்கிருந்து வெளியே வரும் வண்டி எதையும் எடுக்காதீர்கள். 1923-ஆம் வருட அரசு ரகசியச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. சூரிய அஸ்தமனத்தை எடுத்தேன் என்பது காவலரிடம் எடுபடாது. ட்ரோனை அந்தப் பக்கம் நினைத்தே பார்க்க வேண்டாம். தண்டவாளத்தில் நின்று படம் எடுப்பது ரயில்வே சட்டம் 147-ஆவது பிரிவில் குற்றம், அதைவிட முக்கியமாக, அரக்கோணம் விரைவு வண்டி சத்தமில்லாமல் வந்துவிடும்.

கோயில்களில், உள்ளே கைபேசிக்குத் தடை விதிக்கும்படி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. கேமராவோடும் அலுவலகத்தில் கேட்காமல் நுழையாதீர்கள். திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலில் நந்தி வழக்கத்துக்கு மாறாக சுவாமிக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே பார்த்து இருக்கிறது. பெரும்பாலான சிவன் கோயில்களில் மேற்கே பார்க்கும் நந்திக்கு மாலை வெளிச்சம் என்றால் இங்கே காலை வெளிச்சம். அனுமதி கிடைத்தால் அதற்கேற்ற நேரத்தில் போங்கள். கிடைக்காவிட்டால் கும்பிட்டுவிட்டு வாருங்கள். வெளியே தெருவில் எடுக்க எத்தனையோ இருக்கிறது.

ஈரம், கார்டு, பிரிண்ட்

ஏ.சி. அறையிலிருந்து நேராக மொட்டை மாடிக்குக் கொண்டுபோனால் லென்ஸ் முழுக்கப் பனி மூடும். அதைத் துடைக்காதீர்கள், காயட்டும். கிளம்புமுன் அரை மணி நேரம் கேமராவை ஜிப் கவருக்குள் போட்டு வெளி வெப்பத்துக்குப் பழக்கினால் இந்தத் தொல்லை இல்லை. பெரிய பகை பூஞ்சை. பீரோவில் துணிக்கு நடுவே, தோல் பைக்குள் வைத்த கேமராவில் ஐப்பசி, கார்த்திகையில் லென்ஸுக்குள் வலை மாதிரி படரும். மூடி இறுக்கமாக இருக்கும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர் போதும். முள் 40-க்கும் 50-க்கும் நடுவே நிற்கட்டும். ஜெல் நிறம் மாறினால் காயவைத்துத் திரும்பப் போடுங்கள்.

கார்டைக் கம்ப்யூட்டரில் அழிக்காமல் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள், அதுவும் இரண்டு இடத்தில் பிரதி எடுத்த பிறகு. வாட்ஸ்அப்பில் உறவினருக்கு அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் அது உங்கள் படத்தைப் பிழிந்து சக்கையைத்தான் அனுப்பும்.

மாதத்துக்கு ஐந்தாறு படமாவது பிரிண்ட் போடுங்கள். ஊட்டியில் தயாரான இந்து ஃபிலிம் சுருளில் 36 படம் என்று எண்ணி எண்ணி எடுத்த காலத்தில் கழுவிப் பார்த்தே ஆக வேண்டியிருந்தது. இப்போது ஆயிரம் படமும் கார்டிலேயே தூங்குகின்றன, எது நல்லது என்று யாரும் பார்ப்பதில்லை. 24 மெகாபிக்சல் என்றால் 6000-க்கு 4000 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தாலும் 12-க்கு 18 அளவு தாராளமாகப் போகும். 4-க்கு 6, 12-க்கு 18 இரண்டும் கேமராவின் நீள அகலத்தோடு ஒத்துவருபவை. 8-க்கு 10 கேட்டால் நீளவாட்டில் இரண்டு பக்கமும் வெட்டுப்படும். கல்யாணக் குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்பவர் பெரும்பாலும் மாமாவாக இருப்பார். எடுக்கும்போதே இரு ஓரத்திலும் ஓர் ஆள் நிற்கும் இடம் விட்டு எடுங்கள், லேப்பில் கொடுக்கும்போது வெட்டு எங்கே விழுகிறது என்று திரையில் காட்டச் சொல்லிவிட்டுப் பணம் கட்டுங்கள்.